அல்பரெல்லோவ பூச்சாடின்னு சொல்லாதீங்க, அது மருந்து ஜாடி

ரெனைசான்ஸ் காலத்து இத்தாலி மருந்து ஜாடி போட்டோ எதையாவது காட்டினா பத்துல எட்டு பேரு "சூப்பரான பூச்சாடி"ன்னுதான் சொல்றாங்க, எனக்கு மனசே ஆறல. அதுக்குப் பேரு அல்பரெல்லோ. மருந்துக் கடை அலமாரியில வரிசையா நின்னு தினமும் கை பட்ட பாத்திரம் அது. அதோட இடுப்ப பாருங்க, நடுவுல லேசா உள்வாங்கியிருக்கும். அழகுக்காக மட்டும்னு நெனைக்காதீங்க, நெருக்கமா அடுக்கி வச்ச ஜாடிங்களுக்கு நடுவுல விரல விட்டு ஒண்ண மட்டும் பிடிச்சு எடுக்க அந்த இடைவெளி வேணும்.

அடுத்து, "மூடி தொலஞ்சு போச்சா?"ன்னு கேப்பாங்க. பெரும்பாலான ஜாடிக்கு மூடியே கிடையாதுங்க. வாய் விளிம்பு கொஞ்சம் வெளிய நீட்டிட்டு, அதுக்குக் கீழ கழுத்து ஒடுங்கியிருக்கும், தோலோ துணியோ போட்டு அந்தக் கழுத்துல கயிறு சுத்தி வேடு கட்டிருவாங்க, விளிம்பு தடுக்குறதால கயிறு மேல நழுவாது. களிம்பு, லேகியம், காஞ்ச மூலிகை எல்லாம் இதுலதான். சிரப், வடிநீர் மாதிரி ஊத்துற சரக்குக்கு மூக்கும் கைப்பிடியும் வச்ச ஜாடி தனியா இருந்துச்சு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பாதீங்க.

பீங்கான்னு சொல்றதும் தப்பு. உள்ள இருக்கறது சாதாரண களிமண்ணுதான், விளிம்புல சில்லு பேந்த இடத்த உத்துப் பாத்தா மண்ணு கலர் தெரியும். மேல இருக்கற வெள்ளை, வெள்ளீயம் கலந்த பூச்சு. இதுதான் மயோலிக்கா. ஒரு தடவ சுட்ட ஜாடிய பூச்சுல முக்கி, அது காஞ்சதும் மேல வரைவாங்க, பூச்சு மாவு மாதிரி இருக்கறதால தூரிகை பட்ட உடனே கலர உறிஞ்சிரும், அழிச்சுத் திருத்தவே வழியில்ல, அப்புறம் மறுபடி சூளைக்குப் போகும். கோபால்ட்ல நீலம், செம்புல பச்சை, ஆன்டிமனில மஞ்சள். பிக்கோல்பாஸோன்னு ஒருத்தர் 1557 வாக்குல இந்த வேலை முழுசையும் படத்தோட எழுதி வச்சிருக்காரு, அந்தக் கைப்பிரதி இப்ப லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. உள்ள இருக்கறது களிமண்ணுங்கறதால, இப்படிப் பழைய ஜாடி கையில கிடைச்சா தயவுசெஞ்சு தண்ணியில ஊற வைக்காதீங்க, சில்லு பேந்த எடத்துல மண்ணு தண்ணிய குடிச்சிரும்.

ஜாடி மேல சுத்தி ஓடுற எழுத்த குயவர் பேருன்னு படிக்கறவங்களும் உண்டு. அது உள்ள இருக்கற மருந்தோட பேரு, பாதி நேரம் சுருக்கி எழுதியிருக்கும், ஊத்துற ஜாடியில 'அக்வா'ங்கறதுக்கு (லத்தீன்ல தண்ணி) முதல் ஓரிரு எழுத்து மட்டும் இருக்கும். பக்கத்துல வரைஞ்ச பொண்ணு முகத்துக்கும் மருந்துக்கும் சம்பந்தம் இருக்கணும்னு இல்ல. சின்னம் இருந்தா அது பெரும்பாலும் ஆர்டர் குடுத்தவங்களோடது. ஃப்ளாரன்ஸ்ல சாந்தா மரியா நுவோவா ஆஸ்பத்திரிக்கு 1430 வாக்குல செஞ்ச நீல ஓக் இலை ஜாடியில ஒரு ஊன்றுகோல் இருக்கும், அது அந்த ஆஸ்பத்திரி சின்னம்.

இந்த வடிவமே இத்தாலியில பொறந்துச்சுன்னு சொல்றதும் சரியில்ல, மத்திய கிழக்குல இருந்து ஸ்பெயின் வழியா வந்தது.

வாங்க ஆசப்படுறவங்க எழுத்தையும் படத்தையும் மட்டும் பாத்து பணத்த குடுத்துராதீங்க. 19-ஆம் நூற்றாண்டுல ஃப்ளாரன்ஸ் கான்டகல்லி பட்டறை பழைய மாதிரியிலயே நிறைய செஞ்சு வித்துச்சு, ஒளிச்சு மறைச்சு இல்ல, சேவல் முத்திரை போட்டே. முதல்ல ஜாடிய கவுத்து அடிய பாருங்க.