ஆக்டிவ் டைரக்டரியில் ஒருவருக்கு இரண்டாவது மெயில் முகவரி சேர்ப்பது எப்படி?

கணக்குப் பிரிவில் ஒருவருக்கு அவர் பெயரிலுள்ள முகவரியோடு பிரிவின் பொது முகவரியும் வேண்டும் என்றார்கள். இரண்டு நிமிட வேலை என்று உட்கார்ந்தவன், அன்று சாயங்காலம்தான் எழுந்தேன்.

எங்களிடம் யூசர்கள் அலுவலக சர்வரில் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில், மெயில்பாக்ஸ்கள் மைக்ரோசாப்ட் 365 மேகத்தில் (கிளவுட்), நடுவில் அங்கிருந்து இங்கே விவரங்களை நகலெடுக்கும் என்ட்ரா கனெக்ட் சிங்க். இந்த அமைப்பில் வழக்கமாக மேகத்தில் போய் முகவரி சேர்த்தால், ‘இந்த ஆப்ஜெக்ட் உள்ளூரிலிருந்து சிங்க் ஆகிறது’ என்று திருப்பி அனுப்பிவிடும். உள்ளூரில்தான் மாற்ற வேண்டும்.

முதலில் ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ் என்ற கருவியைத் திறந்து, வியூ மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸை டிக் செய்யுங்கள். அப்புறம் யூசரின் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஆட்ரிபியூட் எடிட்டர்’ டேப் வரும். ஆட்ரிபியூட் என்பது கணக்கில் பதிந்திருக்கும் ஒரு விவரம்.

வரவில்லையா? எனக்கும் வரவில்லை. டிக் இருக்கிறது, டேப் இல்லை. மூடித் திறந்தேன், சர்வரையே மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், ஃபைண்ட் போட்டுத் தேடி யூசரைத் திறந்தால் அந்த டேப் காட்டாதாம்! இடப்பக்க மரத்தில் அவர் இருக்கும் ஓயூவுக்கே (யூசர்களைப் பிரித்து வைக்கும் ஃபோல்டர் மாதிரி) போய், அங்கிருந்து பெயரை இரட்டைச் சொடுக்கு செய்து திறக்க வேண்டும்.

டேப்பில் ப்ராக்ஸிஅட்ரஸஸ் (proxyAddresses) என்ற ஆட்ரிபியூட்டைத் திறங்கள். இது பல மதிப்புகள் கொண்டது. ஒவ்வொரு வரியும் ஒரு முகவரி. வரியின் தொடக்கத்தில் எஸ்எம்டிபி (SMTP) என்ற ஆங்கில எழுத்துகள், அதன்பின் முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் முகவரி.

நான் சறுக்கியது இங்கேதான். அந்த எஸ்எம்டிபி பெரிய எழுத்தில் இருந்தால் முதன்மை முகவரி, சின்ன எழுத்தில் இருந்தால் கூடுதல் முகவரி. நானோ பெரியது புதுசு, சின்னது பழசு என்று நினைத்துக்கொண்டு, பொது முகவரிக்குப் பெரிய எழுத்தும் அவர் சொந்த முகவரிக்குச் சின்ன எழுத்தும் போட்டுவிட்டேன். மெயில் இரண்டுக்கும் ஒழுங்காக வந்தது. ஆனால் அவர் அனுப்பியதெல்லாம் பொது முகவரியிலிருந்து போனது, மேலாளருக்கு எழுதிய லீவு மெயில் உட்பட. ஆகவே இருக்கிற பெரிய எழுத்து வரியைத் தொடாதீர்கள். புதியதைச் சின்ன எழுத்தில் சேருங்கள். பெரிய எழுத்து வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம்.

மாற்றும் முன் பழைய வரிகளை நோட்பேடில் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. தொடங்குபவர்கள், ஆக்டிவ் டைரக்டரியின் உள்விவரங்களை நேரடியாக மாற்றும் ஏடிஎஸ்ஐ எடிட் என்ற கருவியின் பக்கமே போக வேண்டாம் என்பேன். இதே வேலைக்கு அது தேவைக்கு மேல் ஆபத்து. மைக்ரோசாப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சின் மேலாண்மைக் கருவிகள் கையில் இருந்தால் அவற்றிலேயே செய்துவிடுங்கள், மைக்ரோசாப்ட் முறைப்படி ஆதரிப்பதும் அந்த வழியைத்தான்.

ஓகே கொடுத்ததும் சிங்க் ஆகக் காத்திருக்க வேண்டும். வழக்கமான இடைவெளி 30 நிமிடம். பொறுமை இல்லாதவர்கள் சிங்க் சர்வரில் பவர்ஷெல் திறந்து, மாறியதை மட்டும் அனுப்பும் டெல்டா சிங்க் ஓட்டலாம்.

பின்சேர்க்கை: ‘முகவரி மேகத்துக்கே போகவில்லை’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அதே முகவரி வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆக்டிவ் டைரக்டரி இதைக் கண்டுகொள்ளாது, சேமித்துவிடும். சிங்க் நேரத்தில்தான் பிழை வரும்.

இன்னொருவருக்கு, முகவரிப் பட்டியலிலிருந்து ஒரு யூசரை மறைக்கும் ஆட்ரிபியூட்டை ட்ரூ ஆக்கியும் பெயர் மறையவில்லை. மெயில்நிக்நேம் (மெயிலுக்கான சுருக்கப் பெயர்) என்ற இன்னொரு ஆட்ரிபியூட் காலியாக இருந்தது. அதை நிரப்பியதும் அடுத்த சிங்கில் பெயர் மறைந்துவிட்டது.