ஊர்ச் சாலைக்கு வேக வரம்பு: கிராம சபையில் பேசும் முன் அளக்க வேண்டியவை

"இந்த ரோட்டுக்கு இன்னா லிமிட்டு? போர்டே கிடையாதே." வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம் பக்கத்து ஊர்களில் வேகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். போர்டு இல்லை என்பது சரி. வரம்பே இல்லை என்பது தவறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 112-ன்படி மத்திய அரசு வண்டி வகைக்கு ஏற்ப நிர்ணயிக்கும் உச்ச வேகம் எல்லாச் சாலைக்கும் உண்டு. ஆனால் அது கார் லாரிக்கான பொது எண். ஏரிக்கரை வளைவும் பள்ளிக்கூட வாசலும் அதற்குத் தெரியாது.

அந்தப் பொது எண்ணை வைத்து வாதாடவும் வேண்டாம். 2018 அறிவிக்கையில் சாதாரணச் சாலைகளில் காருக்கு 70, பைக், பேருந்து, லாரிக்கு 60 என்று இருந்தது. அந்த அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்தது. மனுவில் அதைத் தூக்கிப் பிடித்தால், விவரம் தெரிந்த அலுவலர் ஒரே கேள்வியில் உங்களை உட்கார வைத்துவிடுவார். உங்களுக்கு வேண்டியது அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. சாலையின் தன்மையோ பொதுமக்கள் பாதுகாப்போ கோரினால், மாநில அரசோ அது அதிகாரம் தந்த அலுவலரோ குறிப்பிட்ட சாலைக்குத் தனி வரம்பு வைக்கலாம். அதற்கு இரண்டு வேண்டும்: அரசிதழில் அறிவிக்கை, சாலையில் பலகை. பஞ்சாயத்தே பெயிண்ட் அடித்து நட்ட '30' பலகைக்குச் சட்ட பலம் கிடையாது.

முதலில் வேகத்தை அளக்க வேண்டும்

"பசங்க பறக்குறானுங்க" என்பது புகார். அது எந்த மேசையிலும் நிற்காது. நூறு வண்டியின் வேகம் எழுதிய தாள் நிற்கும்.

நேரான பகுதியில் 100 மீட்டர் எடுங்கள். 30 மீட்டர் டேப்பை மூன்று முறை வைத்து, மிச்சம் பத்து. இரண்டு முனையிலும் சாலை ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு. முதல் கோட்டில் ஒருவர். வண்டியின் முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் துண்டை இறக்குவார். இரண்டாவது கோட்டில் நிற்பவர் செல்போன் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டி, சக்கரம் தன் கோட்டைத் தாண்டியதும் நிறுத்துவார். 360-ஐ விநாடியால் வகுத்தால் கிலோமீட்டர் வேகம். 6 விநாடி என்றால் 60, 7.2 என்றால் 50, 9 என்றால் 40.

50 மீட்டர் போதாதா என்று கேட்பார்கள். போதாது. விரல் தட்டுவதில் 0.2 விநாடி பிசகுவது சகஜம். 50 மீட்டரில் அந்தப் பிசகு 60-ஐ 56 என்றும் 64 என்றும் காட்டிவிடும். 100 மீட்டரில் 58-க்கும் 62-க்கும் நடுவில் அடங்கும். இரண்டாமவர் கோட்டுக்கு நேர் எதிரே நிற்காமல் சாய்வாக நின்று பார்த்தாலும் கணக்கு கெடும்.

அளப்பவர்கள் கண்ணில் படக் கூடாது. கும்பலாக நின்றால் போலீஸ் செக்கிங் என்று நினைத்து எல்லாரும் வேகத்தைக் குறைப்பார்கள். புளியமர மறைவு நல்லது. முன்னே போகும் வண்டியை ஒட்டி வருவதை எழுதாதீர்கள். அது முன்வண்டியின் வேகம். நடுவில் பிரேக் போட்ட வண்டியையும் விட்டுவிடுங்கள். காலை பள்ளி நேரம், மதியம், சாயங்காலம் என்று பிரித்து நூறு வண்டி. சந்தை நாளும் மாடு விடும் திருவிழா நாளும் வேண்டாம்.

நூறையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் 85-ஆவதாக நிற்கும் வேகம்தான் பொறியாளர் கேட்கும் எண். சராசரியைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்.

பிறகு கண்ணுக்கு எட்டும் தூரம்

வாதத்தை முடித்து வைப்பது இந்த அளவுதான். அதனால் இதில் அவசரம் வேண்டாம்.

15 செ.மீ. உயர மரக்கட்டை ஒன்றுக்குச் சிவப்பு அடித்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு அந்தப் பக்கம், வண்டி போகும் தடத்தில் அதை வையுங்கள். இந்தப் பக்கம் ஒருவர் கண்ணைத் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் வைத்து, அதாவது கார் ஓட்டுநர் கண் இருக்கும் உயரத்தில் குனிந்து, பின்னாலேயே நகர வேண்டும். கட்டை மறையும் இடத்தில் நின்று, சாலையின் வளைவோடேயே டேப்பைப் போட்டு அளக்க வேண்டும். நேர்க்கோட்டில் வயல் வழியாக அளந்தால் தூரம் குறைவாக வரும்; அதை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டு திசைக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

சாலைக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் (IRC) கணக்கில், ஓட்டுநர் பார்த்து, உணர்ந்து, பிரேக் அழுத்தி நிற்கத் தேவையான தூரம் 30 கி.மீ. வேகத்தில் 30 மீட்டர், 40-ல் 45, 50-ல் 60, 60-ல் 80, 80-ல் 120. உங்கள் வளைவில் கட்டை 60 மீட்டரில் மறைந்தால், அங்கே 50-க்கு மேல் வருபவர் பார்த்த பிறகு நிற்க முடியாது. அவர் எவ்வளவு கெட்டிக்கார டிரைவராக இருந்தாலும் சரி.

ஒற்றைத் தடச் சாலைக்கு, அதாவது தார் அகலம் 3.75 மீட்டர் உள்ள சாலைக்கு, இந்தத் தூரம் இரட்டிப்பாக வேண்டும். எதிரெதிரே வரும் இரண்டு வண்டியும் ஒரே தடத்தில் வருகின்றன. இரண்டும் நின்றாக வேண்டும். 90 மீட்டர் தெரிகிற வளைவு இருவழிச் சாலையில் 65-ஐத் தாங்கும். ஒற்றைத் தடத்தில் 40-தான். நம் ஊர்ச் சாலைகளில் முக்கால்வாசி இந்த அகலம்தான் என்பதால், எதிர்ப்பவர்கள் இதைக் கேட்டதும் யோசிப்பார்கள்.

அளக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். பல வளைவுகளில் பார்வையை மறைப்பது சீமைக்கருவேலம். அதை வெட்டினாலே 45 மீட்டர் 80 ஆகும் இடங்கள் உண்டு. வெட்டாமல் வரம்பு கேட்பது நியாயமில்லை. வெட்டிய பிறகு அளந்ததைத்தான் மனுவில் எழுத வேண்டும்.

கூட்டத்தில் பேசுவது

பாதிக்கப்பட்டவர்களை மட்டும் கூப்பிட்டால் அது இரங்கல் கூட்டம் ஆகிவிடும். ஷேர் ஆட்டோக்காரர், மினி பஸ் டிரைவர், பால் வண்டி, அம்முண்டி ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்காரர், பைக் வைத்திருக்கும் பையன்கள், தலைமையாசிரியர், நூறு நாள் வேலைக்கு நடந்து போகும் அம்மாக்கள், எல்லாரும் வேண்டும். டிரைவர்களை முதலில் பேச விடுங்கள். எங்கே பயமாக இருக்கிறது என்று அவர்களைக் கேட்டால், நீங்கள் அளக்காத இடம் ஒன்றைச் சொல்வார்கள்.

"டைம் போயிடும்ணா" என்பது கட்டாயம் வரும். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஊருக்குள் 1.2 கி.மீ. நீளத்தை 60-ல் கடக்க 72 விநாடி, 40-ல் 108 விநாடி. வித்தியாசம் 36 விநாடி. மினி பஸ்காரருக்கு ஒரு நாளைக்குப் பத்து நடை என்றால் ஆறு நிமிடம். அது அவருக்கு நிஜமான நஷ்டம்தான், மறுக்காதீர்கள். அதனால்தான் முழுச் சாலைக்கும் கேட்காமல், வீடு இருக்கும் இடத்துக்கும் வளைவுக்கும் மட்டும் கேட்க வேண்டும். வெட்டவெளியில் நேராகக் கிடக்கும் மூன்று கிலோமீட்டருக்கும் 30 வேண்டும் என்றால் யாரும் மதிக்க மாட்டார்கள். அங்கே மதிக்காதவர் ஊருக்குள்ளும் மதிக்க மாட்டார்.

"உலகத்துல எங்க இப்படி?" என்றால், ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் வரம்பே இல்லாமல் கிடந்த நெடுஞ்சாலைகளுக்கு 2007 ஜனவரியில் 130 வைத்தார்கள், பிரான்ஸ் நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் 2018 ஜூலையில் 90-ஐ 80 ஆக்கியது. இரண்டு இடத்திலும் கிராமத்து மக்களே கடுமையாக எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ச்சேத விபத்தின் வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

நம் பக்கமும் ஒரு குறை இருக்கிறது. தை, மாசியில் கொள்ளுச் செடியையும் கேழ்வரகுக் கதிரையும் தார் ரோட்டில் பரப்பி வண்டி ஏற விடுகிறோம். மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, காயப் போட்டு ஓரத்தில் கல் வைக்கிறோம். சாலை பாதியாகிறது, பைக் சக்கரம் வழுக்குகிறது, ராத்திரியில் அந்தக் கல் தெரியாது. வரம்பு கேட்கும் தீர்மானத்திலேயே, சாலையில் தானியம் போடுவதில்லை, உலர்களம் வேண்டும் என்றும் எழுதினால்தான் டிரைவர்கள் கை தூக்குவார்கள்.

தீர்மானமும் மனுவும்

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். குறைவெண், அதாவது கட்டாயம் வந்திருக்க வேண்டிய ஆள் எண்ணிக்கை, பாருங்கள்: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கையெழுத்து குறைந்தால் தீர்மானம் செல்லாது.

'வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். சாலையின் பெயர், கி.மீ. 4/200 முதல் 5/400 வரை (4 கி.மீ. 200 மீட்டர் முதல் 5 கி.மீ. 400 மீட்டர் வரை) என்ற கல் கணக்கு, கேட்கும் எண், காரணம், இணைப்பாக வேகத் தாளும் பார்வைத் தூரத் தாளும். விபத்து விவரத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, கடந்த மூன்று ஆண்டுக்குத் தேதி, நேரம், இடம், வண்டி வகை மட்டும் கேளுங்கள். பெயர் கேட்டால் மறுப்பார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், ஆகவே கிராம சபைக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்புங்கள்.

ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் கோட்டப் பொறியாளர். தவறான மேசைக்குப் போன மனு மாதக்கணக்கில் தூங்கும். இரண்டுக்குமே நகல் ஆட்சியருக்கு. மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் அவர். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள்.

அதிகம் பேர் கவனிக்காத ஒரு வழி: ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை என்று பிரிவு 112 சொல்கிறது. முதலில் ஒரு மாத சோதனையாகக் கேளுங்கள். அளவு கையில் இருப்பதால் முன்னும் பின்னும் ஒப்பிட்டுக் காட்டலாம்.

பலகையோடு சாலையும் மாற வேண்டும்

வரம்புப் பலகை வட்டம், சிவப்பு வளையம், வெள்ளைத் தரை, கறுப்பு எண். 'மெதுவாகச் செல்லவும்' என்ற பலகை அறிவுரைதான். பலகை மட்டும் வைத்தால் வேகம் குறைவது சொற்பம்.

வேகத்தடை கேட்டால் அளவோடு கேளுங்கள். 25 கி.மீ. வேகத்தில் கடக்கும் வட்ட வடிவத் தடையின் உயரம் 10 செ.மீ., வண்டி போகும் திசையில் அகலம் 3.7 மீட்டர். ராத்திரியோடு ராத்திரியாக ஊரே கான்கிரீட் கொட்டிப் போடும் ஒரு முழ அகலக் குன்று, கர்ப்பிணியைத் தூக்கிப் போடும், கரும்பு டிரெய்லரின் கொக்கியை முறிக்கும், 108 வண்டியை நிறுத்தியே விடும். சாலைக்குக் குறுக்கே தடிப்பாக மஞ்சள் பட்டைக் கோடுகள் போடுவதென்றால் வீடுகளிலிருந்து தள்ளிப் போடச் சொல்லுங்கள். லாரி ஏறும் சத்தத்தில் குழந்தை தூங்காது, அடுத்த வாரம் ஊரே சுரண்டச் சொல்லும்.

புதுத் தார் போடும்போது ஓரத்தில் கிராவல் நிரப்பச் சொல்ல மறக்காதீர்கள். பழைய தார் மேல் புதுத் தார் ஏறி, ஓரம் நான்கு விரல் இறங்கிக் கிடந்தால், பஸ்ஸுக்கு ஒதுங்கும் பைக் மறுபடி மேலே ஏறும்போதுதான் சாயும்.

பலகை வந்து ஒரு மாதம், மூன்று மாதம் கழித்து அதே கோட்டில் அதே நேரத்தில் நூறு வண்டி அளந்து எழுதுங்கள். வெட்டிய கருவேலம் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மறுபடி தழைத்துவிடும். மார்கழி பிறந்ததும் சிவப்புக் கட்டையை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போய், 60 மீட்டர் இன்னும் 60-ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.