நெடுநாள் நின்ற லாரியின் கிரவுன்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

டாடாவும் டைம்லர்-பென்ஸும் 1954 முதல் 1969 வரை கைகோத்திருந்த காலத்து லாரிகளைப் பழைய ஆட்கள் இன்னும் 'பென்ஸ் லாரி' என்பார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் எல்லாருக்கும் எஞ்சின் மேல்தான் கண் போகும். எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பெரிய பல்சக்கரம்தான் கிரவுன்; பின்னால் தொங்கும் அதன் கூட்டை, அதாவது ஹவுசிங்கை, திறந்து பார்க்கத் தோன்றாது.

பெரிய தவறு வண்டி கிடந்த இடத்திலேயே நடந்துவிடுகிறது. கயிறு கட்டிப் பட்டறை வரை இழுத்து வருகிறார்கள். நியூட்ரலில் இருந்தாலும் சக்கரம் உருண்டால் கிரவுனும் சுற்றும். துருத்தூள் பேரிங்கில் அரைபடும். இழுப்பதற்கு முன் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் முனையில் நட்டுகளைக் கழற்றி, கிரவுனிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் உருவிவிடுங்கள். இந்த மாதிரி கனரக லாரிகளில் பாரம் தாங்குவது ஹவுசிங்கும் ஹப் பேரிங்கும்தான். ஷாஃப்ட் இல்லாமலும் சக்கரம் நிற்கும். ஹப் வாயைத் தகடு வைத்து மூடினால் போதும். பழைய ஜீப், சிறிய பிக்கப் பலவற்றில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அவற்றில் ஷாஃப்டோடு சக்கரமும் வந்துவிடும்.

அடுத்தது, ஆயில் ஊற்றும் துளை வழியாக எட்டிப் பார்த்து, 'பல் பளபளன்னு இருக்கு' என்று முடிவு கட்டுவது. வண்டி வருடக்கணக்கில் நின்றால் ஆயிலில் மூழ்கிய பற்கள் பெரும்பாலும் தப்பிவிடும். மேலே காற்றில் நின்ற பற்களில்தான் ஈரம் படிந்து துரு ஏறும். ஆகவே கிரவுன் தொகுப்பை வெளியே எடுத்து, ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றி ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். டீசலில் துடைத்தால் போகிற துரு பயமில்லை. பல் உரசும் முகத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி இருந்தால் அந்த செட் ஓடத் தகுதியில்லை. அதை எமரி தாளால் தேய்த்துச் சரிசெய்யப் பார்ப்பதைக் கண்டால் எனக்கு மனசு பதறும். பல்லின் மேல்தோல்தான் கடினப்படுத்தப்பட்டது. அது போனால் பல் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பேரிங்கில் சின்னக் குழி தெரிந்தாலும் யோசிக்காமல் மாற்றுங்கள். ஆனால் கிரவுனையும், அதைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனையும் தனித்தனியாகப் பிரித்து வாங்காதீர்கள். இரண்டும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. பெரும்பாலும் இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். பழைய இரும்புக் கடையில் ஒரு நல்ல பினியன் மட்டும் கிடைத்தால் அது கிடைத்ததாகவே கணக்கில்லை. பேரிங் மூடிகளை இடம், வலம் மாற்றிப் போடாமல் கழற்றும்போதே பஞ்ச் அடித்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுகளான ஷிம்களையும் அளந்து, எது எங்கிருந்தது என்று எழுதி வையுங்கள்.

இன்னொன்று, சத்தம் குறையட்டும் என்று தேய்ந்த பற்களுக்கு நடுவே இருக்கும் பிளேயை, அதாவது இடைவெளியை, இறுக்குவது. பல வருடம் ஒன்றோடொன்று உரசிப் பழகிய பற்களை அந்தத் தடத்திலிருந்து நகர்த்தினால் சத்தம் கூடும், பல்லும் உடையலாம். பழைய செட்டையே திரும்பப் போடுவதானால், கழற்றுமுன் டயல் கேஜில் பார்த்த அளவுக்கே கொண்டுவாருங்கள். புது செட் என்றால்தான் கையேட்டின் அளவு. பல்லில் நிறம் பூசிச் சுற்றி, தடம் நடுவில் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆயில் விஷயத்தில் கையேடு சொல்வதே கணக்கு. ஹைபாய்ட் கிரவுனுக்கு, அதாவது பினியன் கிரவுனின் நடுவிலிருந்து விலகி நிற்கும் வகைக்கு, ஜிஎல்-5 தர ஆயில் வேண்டும். கியர்பாக்ஸுக்கு வாங்கியதில் மீதி இருக்கிறதே என்று ஊற்றக்கூடாது.

அப்புறம் அந்தச் சின்ன பிரீதர், அதாவது ஹவுசிங் மூச்சுவிடும் துளை. சூடான ஹவுசிங் குளிரும்போது உள்ளே காற்றை இழுக்கும். பிரீதர் மண்ணால் அடைத்திருந்தால் அந்த இழுப்பு சீல் வழியாகப் போகும், சக்கரம் தண்ணீரில் நின்றால் தண்ணீரும் கூடவே போகும். வடித்த ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்ததென்றால், புது ஆயில் ஊற்றுமுன் பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள்.