நாள்பட்ட வலியோடு காரையார் குடிலில் தங்க

ஆடி அமாவாசைக்கு, நெல்லை மாவட்டம் காரையாரில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கும் ஆசை, மூட்டுவலியும் இடுப்புவலியும் உள்ளவர்களுக்கும் இருக்கத்தான் செய்யும். போகலாம், தாராளமாக.

முக்கியமான விஷயம் படுக்கை. பத்தமடைப் பாய் அருமையானதுதான், ஆனால் ஆற்றங்கரைக் கூழாங்கல் மேல் அது மட்டும் போதாது. அடியில் கெட்டி ஜமுக்காளத்தை நாலாக மடித்து விரியுங்கள். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்தால் இடுப்பு இன்னும் வலிக்கும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே சின்னத் தலையணை வைத்தால் இடுப்புக்கு இதம். எழும்போது நேராக நிமிராமல், பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்றி எழுந்திருங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தால் பிடித்துக்கொள்ள வசதி.

குடிலுக்கு இடம் பிடிக்கும்போது ஆற்றுக்குப் பக்கமா என்று பார்க்காதீர்கள், கழிப்பறைக்குப் பக்கமா என்று பாருங்கள். இரவில் அந்த நடைதான் ஆளை வாட்டும்.

தாமிரபரணித் தண்ணீர் குளிர்ச்சியானது. குளிரில் மூட்டு இறுகுபவர்கள் வெயில் ஏறியபின் குளித்து, உடனே துவட்டிவிடுங்கள். சமையல் அடுப்பில் கொஞ்சம் வெந்நீர் போட்டால் ஒத்தடத்துக்கு ஆகும்.

வலி வந்தபின் உட்காராதீர்கள், வருவதற்கு முன்பே உட்காருங்கள். வீட்டு ஆட்களிடமும் சொல்லிவையுங்கள்: "நான் காய்கறி நறுக்குகிறேன், குடத்தைத் தூக்க மாட்டேன்."

வழக்கமான மாத்திரையை இரண்டு நாளைக்குக் கூடுதலாக, கைப்பையிலேயே வையுங்கள். அப்புறம், கோயில் இருப்பது புலிகள் காப்பகத்துக்குள் என்பதால் தங்கும் நாட்களுக்கும் பிளாஸ்டிக்குக்கும் கட்டுப்பாடு உண்டு. அந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.