வெள்ளைக்காரருக்கு வாய் கொடுக்கப் போகிறவர்களுக்கு

கடிதத்தில் இந்த வேலைக்கு மொழிபெயர்ப்பாளர் என்று பெயர். கிளிநொச்சிப் பக்கம், எங்கள் ஊரான தர்மபுரத்தில் என்னை ‘வெள்ளையளோடை திரியிற ரீச்சர்’ என்றுதான் சொன்னார்கள். என்னிடம் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் மூன்று பேர் இப்போது இதே வேலைக்குப் போகப் போகிறார்கள். ஆளாளுக்கு வந்து “என்ன செய்யவேணும் ரீச்சர்?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் பழகியது மெனிக் பாமில், போர் முடிந்த கையோடு சனத்தை அடைத்து வைத்த வவுனியா முகாமில். 2009இல் அங்கே 2 இலட்சத்துக்கும் மேல் சனம். வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி என்று பெயர் வைத்திருந்தார்கள். வகுப்பில் நான் படிப்பித்த பெயர்களுக்குள்ளேயே தறப்பாள் கட்டி இருந்தோம். வெளிநாட்டு டொக்டர் ஒருவருக்குச் சனத்தின் காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் சொல்லத் தொடங்கினேன். வயிற்றோட்டத்துக்குக் கட்சி கிடையாது, அதனால் அது சுகமான வேலை. முகாமை விட்டு வந்தபிறகு ஆராய்ச்சி, மதிப்பீடு, ஆலோசனை என்று விதம்விதமான அட்டையோடு ஆட்கள் வந்தார்கள். கஷ்டம் அப்போதுதான் தொடங்கியது.

முதலில் வாகனம். வெள்ளை வாகனத்தை ஒரு நாளும் வீட்டுப் படலையடியில் நிறுத்த விடாதீர்கள். வெள்ளை வான் என்றால் எங்கள் சனத்துக்கு ஆள் கடத்த வருவது. அது வந்தவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். சங்கக்கடையடியிலோ கோயிலடியிலோ விட்டுவிட்டு நடந்து போங்கள். வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் ஓடிப்போய்ப் பிளாஸ்ரிக் கதிரை வாங்கி வருவார்கள். அதில் வெள்ளைக்காரர் இருக்கட்டும். அம்மா பாயில் இருந்தால் நீங்களும் பாயில்தான், அவருக்குப் பக்கத்தில், அரை முழம் பின்னால். அம்மா உங்கள் முகத்தைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினால் அது உங்களுக்குச் சொல்லும் கதையாகிவிடும்.

இனிச் சொல். இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன்.

“பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம்” என்று ஒரு தாய் சொல்லுவார். ஆர்? தமிழ் வினையில் ஆளை ஒளிக்க இடம் உண்டு. 2008 கடைசியில் புலிகள் இயக்கமும் வீடு வீடாகப் பிள்ளை பிடித்தது. 2009 மே மாதம் ஆமியும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனது. எது என்று இடத்தையும் மாதத்தையும் வைத்து உங்களுக்கு விளங்கிவிடும். விளங்கினாலும் நீங்களாக நிரப்பாதீர்கள். ஒருதரம் திருப்பிக் கேளுங்கள்: “ஆரம்மா?” அவர் “அவைதான்” என்றால் ‘அவர்கள்’ என்று சொல்லுங்கள், யாரென்று அவர் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்பது அந்தத் தாய்க்குத்தான் தெரியும்.

அதேபோல் ‘சரணடைந்தவர்’ என்பது வேறு, ‘கையளித்தனாங்கள்’ என்பது வேறு. முதலாவதில் பிள்ளை தானாகப் போகிறான். இரண்டாவதில் தாய் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், வாங்கிக்கொண்ட ஒருவரும் இருக்கிறார். காணாமல் போனவர், காணாமல் ஆக்கப்பட்டவர் என்பதும் அப்படியே. 2016இல் சட்டம் போட்டு அமைத்த அலுவலகத்தின் பெயரில் ‘காணாமற்போன’ என்றுதான் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் குந்திய தாய்மார் ‘ஆக்கப்பட்ட’ என்றார்கள். சொல்பவர் எதைச் சொன்னாரோ அதையே கொண்டுபோங்கள்.

திகதி கேட்டால் எங்கள் சனம் ஊர்ப்பெயர்தான் சொல்லும். “பொக்கணையிலை இருக்கேக்கை”, “மாத்தளன் உடைஞ்ச அண்டைக்கு.” மாத்தளன் உடைந்தது, அதாவது ஆமி மண் அணையை உடைத்து உள்ளே வந்தது, 2009 ஏப்ரல் 20. விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று கடைசிப் போரில் சனம் இடம்பெயர்ந்து போன வரிசையும், எந்த ஊரில் எந்த மாதம் சனம் நெருக்கிக்கொண்டு இருந்தது என்பதும் மனப்பாடமாக இருக்கவேணும். ‘ஓம்’ என்பதைப் பற்றியும் ஒரு சொல்: அது பாதி நேரம் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதுதான். சம்மதம் என்று எழுதிக்கொடுத்துவிடாதீர்கள்.

சரி, உளவுக்கு வந்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாப் பிள்ளைகளும் கேட்பது இதைத்தான். நெற்றியில் எழுதியிருக்காது. நான் பார்த்த அளவில், நடந்ததைக் கேட்பவர் வேறு, இப்போது இருப்பதைக் கேட்பவர் வேறு. செல் எங்கே விழுந்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டால் அது ஒரு தேடல். ஆமியின் தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு வந்தவர்கள் இப்போது எந்த ஒழுங்கையில் இருக்கிறார்கள், ஊரில் யார் சொன்னால் கேட்பார்கள், கடற்கரைக்குப் போக எத்தனை பாதை என்று கேட்டால் நிமிர்ந்து இருங்கள். முதல் தரம் நிறுவனத்தோடு வந்தவர் இரண்டாம் தரம் தனியாக வந்தால் இன்னும் கொஞ்சம் நிமிருங்கள்.

அப்படி ஒருவரோடு 2012இல் பதினொரு நாள் திரிந்தேன். எந்த நாடு என்று சொல்லமாட்டேன். நல்ல மனிதர், சம்பளமும் நேரத்துக்குத் தந்தார். அந்த வருடம் இலங்கையிலிருந்து வள்ளத்தில் அவுஸ்திரேலியா போய்ச் சேர்ந்தவர்கள் மட்டும் 6,000 பேருக்கு மேல். அந்த ஆளுக்கு மீனவரின் வாழ்வாதாரத்தில் அக்கறை, ஆனால் வலையின் விலையை ஒருதரமும் கேட்கவில்லை. முல்லைத்தீவுக் கரையில் ஒரு வாடிக்கு, மீனவர் குடிலுக்கு, போனோம். உள்ளே பழைய கதிரை ஒன்று கிடந்தது. அதில் இருக்கப் போனவரைப் பார்த்து வாடிக்காரரின் மனிசி, “கதிரையிலை கோழிப் பீ, பாத்து இருக்கச் சொல்லு பிள்ளை” என்றார். நான் வாய் திறக்கமுதல் அந்த ஆள் குனிந்து கதிரையைப் பார்த்துவிட்டுக் கைலேஞ்சியால் துடைத்தார்.

எனக்கு வயிறு சில்லிட்டது. ஏனென்றால் முதல் நாள் வேறொரு வாடியில் ஒரு கிழவர், எந்த இருட்டில் எந்தக் கரையிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு வள்ளத்தில் வெளிக்கிடுகிறார்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். நான் அதை ‘காற்று மாறினால் தொழில் இல்லை’ என்று மாற்றிச் சொல்லியிருந்தேன். சனத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையோடு அன்றிரவு நித்திரையும் கொண்டேன். அந்த ஆள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கிழவர் சொன்னதும் அவரிடம் போய்விட்டது, நான் பொய் சொல்பவள் என்பதும் போய்விட்டது.

ஆகவே சோதித்துப் பாருங்கள். முதல் நாளே சாப்பாட்டு நேரம் தமிழில் ஒரு பகிடி விடுங்கள், சிரிப்பவர்களைப் பார்க்காமல் வெள்ளைக்காரரின் கண்ணைப் பாருங்கள். தமிழ் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மாற்றிச் சொல்லும் வேலை வேண்டாம். அந்தக் கிழவருக்காக நான் முடிவெடுத்தேன், அவரிடம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் வாய் திறக்கமுதல் இதைச் சொல்லுவேன்: “அம்மா, நீங்கள் சொல்லுறதை ஒண்டும் விடாமல் இவருக்குச் சொல்லுவன். இவர் ஆருக்குச் சொல்லுவார் எண்டு எனக்குத் தெரியாது. சொல்லக்கூடாததை என்னட்டைச் சொல்லாதேங்கோ.” பிறகு நான் சொன்னது இதுதான் என்று வெள்ளைக்காரருக்கும் சொல்லுவேன். நல்ல நோக்கத்தோடு வந்தவர் தலையாட்டுவார். ஒருவர் மட்டும் எரிச்சல்பட்டு அடுத்த நாள் வேறு ஆள் பிடித்தார். அன்றைய சம்பளம் போனதுதான்.

பின்னேரம் சிஐடி வரும், புலனாய்வுக்காரர். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், சிவிலில். “மிஸ், வெள்ளை என்ன கேட்டது?” குறிப்புக் கொப்பி கேட்பார்கள். கொப்பியில் பெயர் எழுதும் பழக்கமே வேண்டாம். எண்ணும் அம்புக்குறியும் போதும், கதைத்து முடிந்ததும் தாளை வெள்ளைக்காரரிடமே கிழித்துக் கொடுங்கள், அல்லது இரவு அடுப்பில் வையுங்கள். எங்கே போனீர்கள் என்பதை மறைக்காதீர்கள், அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். 2014 ஒக்டோபரில் வெளிநாட்டவர் வடக்கே வர பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற விதி திரும்ப வந்து, 2015 ஜனவரியில் எடுபட்டது. அந்த மூன்று மாதமும் அனுமதிக் கடிதத்தின் பிரதி ஒன்றை என் கைப்பையில் வைத்திருந்தேன், கேட்டதும் நீட்ட. யார் என்ன சொன்னார் என்று கேட்டால், “நான் வாய்தான் ஐயா, காதை வேலை முடிஞ்சதும் கழட்டி வைச்சிடுவன்” என்பேன். ஒருதரம் சிரித்தார்கள். ஒருதரம் நாலு மணித்தியாலம் கந்தோரில் இருத்தி வைத்தார்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டுக் கதையை ஒரு வெள்ளைக்காரருக்கும் சொல்லாதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை. நான் சொன்னேன். தாய்மார் சொல்வதை ‘நான்’ என்றே சொல்லவேணும், ‘இவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. போர் முடிந்து சனம் வெளியேறிய வட்டுவாகலில், ஒரு நாள் இயக்கத்தில் இருந்தாலும் வந்து பதியச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டதையும், நம்பி மகனைக் கொண்டுபோய் விட்டதையும் ஒரு அம்மா சொல்லச் சொல்ல, “நான் கொண்டுபோய் விட்டேன்” என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் “நாங்கள்” என்று வந்துவிட்டது. என் தம்பியையும் அதே இடத்தில்தான் விட்டோம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கூட வந்த வெள்ளைக்காரர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு வாகனத்தில் மெதுவாக, “உன் தம்பியைப் பற்றி விசாரித்துப் பார்க்கட்டுமா?” என்றார்.

அந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். வந்தால் உடனே மறுமொழி சொல்லாதீர்கள், ஒரு இரவு போகட்டும். நான் அந்த இடத்திலேயே பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சொல்லிப் படத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். இடப்பெயர்வில் மிஞ்சியது அந்த ஒரு படம், பள்ளிக்கூட வெள்ளைச் சேர்ட்டோடு. அந்த ஆள் பிறகு வரவில்லை. கொடுக்கத்தான் வேண்டுமென்றால் கிளிநொச்சியில் ஏதாவது ஸ்ரூடியோவில் முதலில் பிரதி எடுங்கள். மங்கிய படத்தையும் கழுவித் துலக்கித் தருவார்கள், ஒரு நாள் வேலை. பிரதியைக் கொடுங்கள்.