அரிட்டாபட்டிக்குப் போகிறவர்களுக்கு

மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டிக்கு விடியும்போதே போய்விடுங்கள். ஒன்பது மணிக்குப் பாறை சுடும். என் பேத்தி செருப்பில்லாமல் ஏறிவிட்டு, இறங்கும்போது என் முதுகில்தான் வந்தாள். முதலில் குடைவரைச் சிவன் கோயில். அங்கே சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் லகுலீசரின் சிற்பத்தை நின்று பாருங்கள், தமிழ்நாட்டில் அபூர்வமானது. அப்புறம் சமணத் துறவிகளின் கல் படுக்கைகள், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து. அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

2022இல் இது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. இந்தப் பகுதியில் டங்ஸ்டன் என்ற உலோகத்தை எடுக்க விட்ட சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது, ஊர்க்காரர்கள் விடாமல் போராடியதால்தான். அதனால் வழியைக் கேட்கும்போது அந்தக் கதையையும் கேளுங்கள், உட்காரவைத்துச் சொல்வார்கள்.

ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் சாப்பிடலாம். இலையையும் பாட்டிலையும் வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள். வல்லூறு பார்க்க பைனாகுலர் வேண்டும். ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம்.