எல்லாக் கணினியிலும் நம் பெயர்: விண்டோஸ் 'அபௌட்' பக்கத்தை மாற்றும் முறை

செந்தூலில் என் அக்கா நடத்தும் டியூஷன் சென்டரில் இருப்பதெல்லாம் செகண்ட் ஹேண்ட் கணினிகள். எதில் செட்டிங்ஸுக்குள் இருக்கும் அபௌட் பக்கத்தைத் (கணினியின் விவரங்கள் வரும் பக்கம்) திறந்தாலும் விற்ற கடையின் பெயரும் யாரும் எடுக்காத ஒரு ஃபோன் நம்பரும்தான் வரும். ஏதாவது கெட்டுப்போனால் பிள்ளைகள், "ஜன்னல் பக்கம் இருக்கே, அது" என்பார்கள். உங்கள் இடத்திலும் இதே கதை என்றால் ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும், சரிசெய்துவிடலாம்.

முதலில் விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பதிப்பு, பில்ட் எண் (அந்தப் பதிப்பின் துல்லியமான வெளியீட்டு எண்), கீழே யாருக்கு உரிமம் என்ற பெயர், மூன்றும் தெரியும். இதில் நாம் மாற்றப்போவது அந்தப் பெயரை மட்டும்தான். பதிப்பு எண்ணிலும் பில்ட் எண்ணிலும் கை வைக்காதீர்கள், அவற்றைப் பார்த்துத்தான் பல மென்பொருள்கள் இந்தக் கணினியில் ஓடலாமா என்று முடிவு செய்கின்றன.

அடுத்து அதே ஆர் பெட்டியில் 'ரெஜ்எடிட்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளை எல்லாம் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் கருவி இது. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள், இதைத் தாண்டிப் போகவே கூடாது. அப்புறம் இடப்பக்கம் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன் என்று வரிசையாகத் திறந்தால் 'ஓஇஎம்இன்ஃபர்மேஷன்' வரும். இல்லையென்றால் நியூ, கீ (ஃபோல்டர் மாதிரி ஒன்று) என்று நீங்களே உருவாக்கலாம், ஆனால் பெயர் ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக இருக்க வேண்டும். உள்ளே மேனுஃபேக்சரர், மாடல், சப்போர்ட்ஃபோன், சப்போர்ட்ஹவர்ஸ் எல்லாம் ஸ்ட்ரிங் வேல்யூ, அதாவது எழுத்தாகத் தட்டும் மதிப்பு. மேனுஃபேக்சரரில் சென்டர் பெயர், ஃபோனில் உண்மையிலேயே எடுக்கும் ஒருவரின் நம்பர், மாடலில் 'மேசை 4' மாதிரி ஓர் அடையாளம்.

சரி, மற்ற கணினிகளுக்கு? அந்த ஒரு கீயை மட்டும் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கிடைக்கும் ஃபைலை நோட்பேடில் திறந்தால் முதலில் ஒரு தலைப்பு வரி, பிறகு சதுர அடைப்புக்குள் பாதை, அதன் கீழே நீங்கள் எழுதிய மதிப்புகள். வின்வெரில் வரும் பெயரையும் இதிலேயே சேர்த்துவிடலாம்: பாதை வரியை நகலெடுத்து, மைக்ரோசாஃப்டுக்குப் பிறகு 'விண்டோஸ் என்டி', 'கரன்ட்வெர்ஷன்' என்று முடியும்படி மாற்றி, அதன் கீழே 'ரெஜிஸ்டர்ட்ஓனர்', 'ரெஜிஸ்டர்ட்ஆர்கனைசேஷன்' இரண்டுக்கும் மேலே உள்ள வரிகளைப் போலவே மேற்கோள் குறியோடு எழுதுங்கள். விண்டோஸ் என்டி கீயை முழுதாக எக்ஸ்போர்ட் செய்துகொண்டு போய்விடாதீர்கள், இந்தக் கணினியின் பில்ட் எண், புராடக்ட் ஐடி எல்லாம் மற்றதில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஃபைலைப் பென்டிரைவில் போட்டு, ஒவ்வொரு கணினியிலும் மாடல் வரியில் மேசை எண்ணை மட்டும் மாற்றிச் சேமித்து, டபுள் கிளிக், யெஸ். அவ்வளவுதான்.

இன்னொன்றும் செய்யுங்கள். ரெஜ்எடிட்டில் கரன்ட் யூசர், கன்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் போய் 'பெயின்ட்டெஸ்க்டாப்வெர்ஷன்' மதிப்பை 1 ஆக்கி, சைன் அவுட் செய்து திரும்ப வாருங்கள். திரையின் வலது கீழ் மூலையில் பதிப்பும் பில்ட் எண்ணும் எப்போதும் நிற்கும். இது ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனி. விண்டோஸ் 11இன் பில்ட் எண்கள் 22000இலிருந்து தொடங்குகின்றன, 19045 என்று நின்றால் அது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், முதலில் மேம்படுத்த வேண்டிய மேசைகள் அவைதான்.